21 கியர் போதாதா? – சைக்கிள் கேள்வி பதில்

மலை சைக்கிளின் கியர் மாற்றம் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம்.

26 அங்குல எம்.டி.பி. (மலை சைக்கிள்) வைத்திருக்கிறேன். முன்னால் 3, பின்னால் 7 என்று 21 கியர். ஏற்காடு ஏறும்போது கடைசி கியருக்கு வந்த பிறகும் மிதிக்க முடியவில்லை. 27 கியராக மாற்றினால் சுலபமாகிவிடும் என்று கடையில் சொல்கிறார்கள். மாற்றலாமா?
– வாசகர், சேலம்

27 என்பது பெருக்கல் கணக்கு. முன்னால் 3, பின்னால் 9. ஏற்றத்தில் உங்கள் காலுக்கு உதவப்போவது அந்த இருபத்தேழில் ஒரே ஒரு ஜோடிதான்: முன்னால் மிகச் சிறிய செயின்ரிங் (பெடலோடு சுற்றும் பல்சக்கரம்), பின்னால் மிகப் பெரிய பல்சக்கரம். அந்த இரண்டிலும் எத்தனை பல் என்று எண்ணிவிட்டு மேலே படியுங்கள்.

இந்த வகை சைக்கிள்களில் பெரும்பாலும் முன்னால் 42-34-24, பின்னால் 14 முதல் 28 பல் வரை இருக்கும். 24-ஐ 28-ஆல் வகுத்தால் 0.86. அதாவது பெடலை ஒரு முழுச் சுற்று மிதித்தால் பின் சக்கரம் 0.86 சுற்று சுற்றும். 26 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 2.07 மீட்டர். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 6.4 கி.மீ. வேகம் வரும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 100 கிலோ, 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் பாதை என்று வைத்துக்கொண்டால், அந்த வேகத்துக்குச் சுமார் 160 வாட் சக்தி தேவை. பழகாதவரால் பத்து நிமிடத்துக்கு மேல் அதைத் தாங்க முடியாது. உடனே பெடல் சுற்று குறைகிறது, முட்டி கனக்கிறது, வண்டி தள்ளாடுகிறது.

பின்னால் 28 பல் இருக்கும் இடத்தில் 34 பல் வந்தால் என்ன ஆகும்? 24-ஐ 34-ஆல் வகுத்தால் 0.71. அதே 60 சுற்றில் வேகம் 5.3 கி.மீ. ஆகிறது, தேவை 132 வாட் அளவுக்கு இறங்குகிறது. வழக்கமான 24 கியர் வண்டியின் கடைசி ஜோடி 22-க்கு 32, அதாவது 0.69. உங்கள் 21 கியர் வண்டியே அதன் பக்கத்தில் வந்து நின்றுவிடும்.

இதற்கு வேண்டியது 14-34 பல் கொண்ட 7 வேக ஃப்ரீவீல், அதாவது ஏழு பல்சக்கரம் உள்ள பின் அடுக்கு. ஷிமானோவில் மெகாரேஞ்ச் என்ற பெயரில் கிடைக்கிறது. சில நூறு ரூபாய் வேலை. ஷிஃப்டர் (கைப்பிடியில் கியர் மாற்றும் விசை), டீரெய்லர் (செயினைப் பல்லுக்குப் பல் தள்ளும் பாகம்), சக்கரம் எதையும் மாற்ற வேண்டாம். ஒரு குறை உண்டு. பல் வரிசை 14-16-18-20-22-24 என்று ஒழுங்காக வந்து, அங்கிருந்து ஒரே தாவலாக 34-க்குப் போகும். அந்தத் தாவல் காலில் தெரியும். அதனால் செங்குத்தான கொண்டை ஊசி வளைவு வருவதற்கு முன்பே, கால் இன்னும் லேசாகச் சுற்றும்போதே மாற்றிவிடுங்கள். பாரம் ஏறிய பிறகு மாற்றினால் செயின் பல்லின் மேலேயே நின்று அரைக்கும்.

கவனிக்க வேண்டியவை இரண்டு. முதலாவது, டீரெய்லர் 34 பல்லைத் தாங்குமா என்பது. நீளக் கூண்டு (உருளைகள் இருக்கும் தொங்கும் பகுதி) உள்ள ஷிமானோ டூர்னி, ஆல்டஸ் வகைகள் தாங்கும். இரண்டாவது, செயின் நீளம். 28 பல்லுக்கு அளந்து வெட்டிய செயின் 34-க்குப் பத்தாமல் போகலாம். முன்னால் பெரியதிலும் பின்னால் பெரியதிலும் தெரியாமல் ஒருமுறை போட்டுவிட்டால் டீரெய்லர் இழுபட்டு, அது தொங்கும் ஹேங்கர் துண்டு வளையும், சில சமயம் டீரெய்லரே ஸ்போக்குக்குள் போய்விடும். ஆகவே ஃப்ரீவீலோடு 7, 8 வேகங்களுக்கான புதுச் செயினும் வாங்கி, டீரெய்லருக்குள் விடாமல் பெரியது-பெரியது மேல் சுற்றி அளந்து, செயின் சந்திக்கும் இடத்திலிருந்து இரண்டு கண்ணி கூட்டி வெட்டுங்கள்.

21 கியரில் 21 வேகம் கிடைப்பதாக நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. மேலே சொன்ன வண்டியில் 42-க்கு 24 போட்டாலும், 34-க்கு 20 போட்டாலும், 24-க்கு 14 போட்டாலும் விடை 1.7 சுற்றில்தான் வருகிறது. 42-க்கு 28-ம் 24-க்கு 16-ம் இரண்டுமே 1.5. இப்படி இரட்டைகளைக் கழித்தால் தேறுவது சுமார் 14. மீதி பெட்டியின் மேல் அச்சடிப்பதற்கு.

அதே 21 கியர் வண்டிதான். சக்கரத்தை மாற்றாமல் 9 வேக ஃப்ரீவீலைத் திருகிப் போட்டுத் தருகிறேன் என்கிறார் மெக்கானிக். சரியா?
– வாசகர், திண்டுக்கல்

சிறுமலைப் பாதையில் ஓட்டுபவராக இருந்தால் வேண்டாம்.

பின் சக்கரத்தில் பல் அடுக்கு பொருந்தும் முறை இரண்டு. ஃப்ரீவீல் முறையில் பற்களும், உள்ளே 'டிக் டிக்' சத்தம் போடும் பகுதியும் ஒரே உருப்படி. அது ஹப்பின் மரையில் திருகி நிற்கும். கேசட் முறையில் அந்தச் சத்தப் பகுதி ஹப்போடு சேர்ந்தது; பற்கள் மட்டும் அதன் வரிப்பள்ளங்களில் செருகி, ஒரு பூட்டு வளையத்தால் இறுக்கப்படும். உங்களுடையது எது என்று பார்க்க, சக்கரத்தைக் கழற்றி, பற்களைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள். நடுவில் டூல் மாட்டும் வரிப்பள்ளம் பற்களோடு சேர்ந்து சுற்றினால் கேசட். பற்கள் மட்டும் சுற்றி அது அசையாமல் நின்றால் ஃப்ரீவீல்.

ஃப்ரீவீல் ஹப்பில் வலப்பக்கத்து பேரிங் பற்களுக்கு உள்பக்கமாக, ஹப்பின் நடுவை ஒட்டி இருக்கும். அங்கிருந்து ஃபிரேம் வரை அச்சு தாங்கல் இல்லாமல் நீண்டு நிற்கும். பல் அடுக்கு அகலமாக ஆக அந்த நீளமும் கூடும். பள்ளத்தில் விழுந்தால் அச்சு வளையும், பிறகு உடையும். 7 வேகத்திலேயே இது நடக்கும். 8, 9 வேக ஃப்ரீவீலில் விரைவாக நடக்கும். கேசட் ஹப்பில் பேரிங் வெளி ஓரத்திலேயே இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

9 வேகம் வேண்டுமென்றால் கேசட் ஹப் உள்ள புதுப் பின்சக்கரம் வாங்குங்கள். பழைய ரிம்மிலேயே கட்டலாம் என்றால், ரிம்மின் துளை எண்ணிக்கைக்கு ஏற்ற ஹப் வேண்டும். 36 துளை ரிம்முக்கு 32 துளை ஹப் ஆகாது. ஹப்பின் விளிம்பு அளவு மாறுவதால் பழைய ஸ்போக் நீளமும் பெரும்பாலும் பொருந்தாது. புது ஸ்போக், கட்டுக்கூலி, கோட்டம் எடுக்கும் கூலி எல்லாம் கூட்டினால் முழுச் சக்கரமே மலிவாக முடியும்.

பழைய சக்கரத்தைப் பிரிப்பதாக இருந்தால், ஸ்போக்கை வெட்டுவதற்கு முன் ஃப்ரீவீலைக் கழற்றிவிடுங்கள். மிதிக்க மிதிக்க அது இறுகிக்கொண்டே இருந்த பொருள். ரிம்மைப் பிடித்துத் திருப்பினால்தான் அந்த மரை அசையும். வெறும் ஹப்பைக் கையில் வைத்துக்கொண்டு அதை யாராலும் கழற்ற முடியாது.

27.5 அங்குல வண்டி. 3×8, முன்னால் 42-32-22, பின்னால் 11-32 கேசட். முன் டீரெய்லரை எடுத்துவிட்டு ஒற்றைச் செயின்ரிங்குக்கு மாற விருப்பம். 10 வேகமா, 12 வேகமா? இல்லை 3×9 போதுமா?
– வாசகர், கோயம்புத்தூர்

கேசட் ஹப் இருப்பதால் உங்களுக்குக் கதவு திறந்திருக்கிறது. இப்போது இருப்பது 0.69-இலிருந்து 3.82 வரை. ஒற்றைச் செயின்ரிங்குக்குப் போனால் இந்த அகலம் கட்டாயம் குறையும். மேல் பக்கம் வெட்டுவதா, கீழ் பக்கம் வெட்டுவதா என்பதுதான் உங்கள் முடிவு.

முன்னால் 32 பல், பின்னால் 11-46 உள்ள 10 வேகம்: 0.70 முதல் 2.91 வரை. கீழ்க்கியர் இப்போது இருப்பதற்குச் சமம், இழப்பெல்லாம் மேலேதான். நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் இப்போது 44 கி.மீ. வரை மிதித்துப் போகலாம், மாற்றிய பிறகு 34 கி.மீ. வேகத்திலேயே கால் வெறுமனே சுற்றும். வால்பாறை இறக்கத்தில் யாரும் மிதிப்பதில்லை, அதனால் மலையில் இது இழப்பே அல்ல. பொள்ளாச்சி சாலையில் கூட்டமாக வேகம் பிடித்து ஓட்டுபவர் என்றால் உறுத்தும்.

முன்னால் 30, பின்னால் 11-42 உள்ள 9 வேகம்: 0.71 முதல் 2.73. மைக்ரோஷிஃப்டின் அட்வென்ட் இந்த வகை. டீரெய்லரில் கிளட்ச் (செயின் துள்ளாமல் பிடிக்கும் அமைப்பு) உண்டு, உங்கள் ஹப்பிலேயே ஏறும். 9 வேகச் செயின் மலிவு, கொஞ்சம் தடிப்பு, சேற்றைப் பொறுத்துக்கொள்ளும். காசுக்கு ஏற்ற தோசை இதுதான் என்பது எங்கள் கருத்து.

12 வேகத்தில் ஷிமானோவின் 10-51 கேசட், 32 பல்லோடு, 0.63 முதல் 3.2 வரை தரும். ஆனால் 10 பல்லில் தொடங்கும் கேசட் உங்கள் பழைய ஹப்பில் ஏறாது. 2018-இல் வந்த மைக்ரோ ஸ்ப்லைன் என்ற வேறு வரிப்பள்ளம் அதற்கு வேண்டும். 11 பல்லில் தொடங்கும் 11-50, 11-51 கேசட்டுகள் பழைய ஹப்பிலும் ஏறும். எப்படிப் போனாலும் 12 வேகச் செயின் மெல்லியது, அளவெல்லாம் நெருக்கம், ஹேங்கர் இம்மி கோணினாலும் பிசகும். வண்டியின் விலையில் பாதியை அதன் கியருக்குப் போடுவது, ஓட்டை வீட்டுக்குத் தேக்குக் கதவு வைப்பது மாதிரி. சக்கரமும் ஃபோர்க்கும் அதற்குத் தகுந்தவையாக இருந்தால் மட்டும் யோசியுங்கள்.

3×9 வேண்டாம். வலது ஷிஃப்டர், கேசட், செயின் மூன்றும் மாற்றிய பிறகு பல்லுக்குப் பல் இடைவெளி சற்று நெருங்கும், அவ்வளவே. இந்த மூன்றும் ஒரே நேரத்தில் தேய்ந்திருந்தால் மட்டும், கூடுதல் செலவு அதிகமில்லை என்பதால், மாற்றலாம். பழைய 8 வேக டீரெய்லரே போதும்.

ஒற்றைக்கு மாறுவதில் பலரும் தடுக்கி விழும் இடம் கிராங்க், அதாவது பெடல் மாட்டும் கை. மலிவு கிராங்குகளில் மூன்று செயின்ரிங்கும் ரிவெட் அடித்துச் சேர்க்கப்பட்டிருக்கும். பிரிக்க முடியாது, கிராங்கையே மாற்ற வேண்டும். அலன் கீ போல்ட் நான்கு இருந்தால், அடுத்தடுத்த இரண்டு போல்ட்டுகளின் நடுவிலிருந்து நடுவுக்கு அளந்து பாருங்கள். 73.5 மி.மீ. வந்தால் அந்தப் போல்ட்டுகள் நிற்பது 104 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில், அதற்கு 32 பல் நேரோ-வைடு செயின்ரிங் தாராளமாகக் கிடைக்கும். ஒரு பல் தடித்தும் அடுத்தது மெலிந்தும் இருக்கும் அந்த ரிங்தான், முன் டீரெய்லர் இல்லாதபோது செயினைப் பிடித்து வைப்பது. சாதாரண ரிங்கைப் போட்டால் முதல் கரடுமுரடிலேயே செயின் கழன்றுவிடும்.

பெரிய ரிங்கையும் நடு ரிங்கையும் கழற்றி, நடு இடத்தில் புதியதை மாட்டுங்கள். பழைய போல்ட்டுகள் இரண்டு ரிங் தடிப்புக்குச் செய்தவை. ஒரு ரிங்கோடு போட்டால் இறுகியது போலத் தோன்றும், ரிங் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். ஒற்றை ரிங்குக்கான குட்டை போல்ட் நான்கு கேட்டு வாங்குங்கள். உள்ளே இருக்கும் 22 பல்லையும் அதன் போல்ட்டுகளையும் எடுத்துவிடுங்கள். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று விட்டுவைத்தால் செயின் அதற்கும் ஃபிரேமுக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

கேசட் பூட்டு வளையத்தின் இறுக்கம் 40 நியூட்டன் மீட்டர். கையில் இறுக்கத்தை அளக்கும் ஸ்பானர் இல்லையென்றால், ஓரடி நீள ஸ்பானரின் நுனியில் 13 கிலோ எடையைத் தொங்கவிடுவதற்குச் சமமான அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் 'கடகட'வென்று வரும் சத்தம் வளையத்தின் வரிகள் உட்காரும் சத்தம், பயப்பட வேண்டாம்.

ஷிமானோ 10 வேக ஷிஃப்டரும் கேசட்டும் வாங்கிவிட்டேன். பழைய ஆல்டஸ் டீரெய்லரை வைத்துக்கொண்டேன். எவ்வளவு திருகியும் கியர் சரியான பல்லில் நிற்கவில்லை.
– வாசகர், திருநெல்வேலி

நிற்காது. திருகைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஷிமானோவின் 7, 8, 9 வேக மலை டீரெய்லர்கள், கேபிள் 1 மி.மீ. இழுத்தால் 1.7 மி.மீ. நகரும். 9 வேக ஷிஃப்டர் ஒரு கிளிக்குக்குச் சுமார் 2.5 மி.மீ. இழுக்கும், பெருக்கினால் ஒரு பல்லிலிருந்து அடுத்த பல்லுக்கு உள்ள 4.35 மி.மீ.-க்குப் பக்கத்தில் வரும். 10 வேக மலை வகையில் இந்த விகிதத்தையே மாற்றிவிட்டார்கள். ஷிஃப்டர் 3.4 மி.மீ. இழுக்கும், டீரெய்லர் 1.2 மடங்குதான் நகரும். பல் இடைவெளி 3.95 மி.மீ. உங்கள் வண்டியில் 3.4 மி.மீ. இழுப்பு 1.7 மடங்கு டீரெய்லருக்குப் போய், ஒரு கிளிக்குக்கு 5.8 மி.மீ. நகர்கிறது. ஒன்றரைப் பல்!

10 வேக மலை டீரெய்லர் வாங்குங்கள். 10 வேகம் என்று எழுதியிருப்பதால் ரோடு பைக் டீரெய்லரை வாங்கிவிடாதீர்கள், அதன் விகிதம் பழைய கணக்கு. செயினும் 10 வேகமாக இருக்கட்டும்: 8 வேகச் செயினின் வெளி அகலம் 7 மி.மீ.-க்குச் சற்று மேல், 10 வேகத்துடையது 6-க்குச் சற்றுக் கீழ். பழையது பக்கத்துப் பல்லில் உரசிக்கொண்டே ஓடும்.

புதுச் செயின் போட்டதும் அழுத்தி மிதித்தால் 'டக்'கென்று நழுவுகிறது. பழைய செயினில் இப்படி இல்லையே?
– வாசகர், ஓசூர்

பழைய செயின் நீண்டு, கேசட் பற்களையும் தன் நீளத்துக்கு ஏற்பத் தேய்த்து வைத்திருந்தது. இருவருக்கும் பொருத்தம் இருந்தது. புதியவருக்கு இல்லை. எந்தப் பல்லில் அதிகம் ஓட்டினீர்களோ அங்கேதான் நழுவும். கேசட்டை மாற்றுவதே வழி.

அடுத்த முறை முன்கூட்டியே அளந்துவிடுங்கள். செயினில் 24 கண்ணி, ஊசியிலிருந்து ஊசிக்கு, புதிதில் சரியாக 12 அங்குலம். 12 அங்குலமும் பதினாறில் ஒரு பங்கும் ஆகும்போதே செயினை மாற்றினால் கேசட் பிழைக்கும். எட்டில் ஒரு பங்கு கூடிவிட்டால் இரண்டுக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள். 21 கியரை 27 ஆக்க நினைப்பவர்களில் சிலருக்குத் தேவைப்படுவது இந்த ஒரு செயினும் புதுக் கேபிளும்தான்.

கீழே விழுந்த பிறகு புது டீரெய்லர் போட்டோம். பெரிய பற்களில் சரி செய்தால் சிறிய பற்களில் கெடுகிறது, சிறியதில் சரி செய்தால் பெரியதில் கெடுகிறது.
– வாசகர், உதகமண்டலம்

இது வளைந்த ஹேங்கரின் கையெழுத்து. டீரெய்லர் தொங்கும் அந்தச் சிறு அலுமினியத் துண்டு, ஃபிரேமைக் காப்பாற்றத் தான் வளையும்படி செய்யப்பட்டது. அளக்கும் கருவி கடையில் இருந்தால் நல்லது. இல்லையென்றால் ஒரு பழைய தந்திரம் உண்டு: குயிக் ரிலீஸ் பின்சக்கரத்தின் 10 மி.மீ. அச்சு மரையும் ஹேங்கரின் மரையும் ஒன்றே. டீரெய்லரைக் கழற்றி, வேறொரு சக்கரத்தின் அச்சை அங்கே திருகினால், இரண்டு சக்கரங்களும் இணையாக நிற்கின்றனவா என்று கண்ணாலேயே தெரியும். கொஞ்சம் கோணலை நிமிர்த்தலாம். இரண்டு முறை நிமிர்த்திய ஹேங்கரை நம்பாதீர்கள், அந்த மாடலுக்கு உரியதை மாற்றுங்கள்.

ஹேங்கர் நேரான பிறகு வரிசையாகச் செய்யுங்கள். கேபிளைக் கழற்றிவிட்டு, எச் திருகால் (எச், எல், பி மூன்றும் டீரெய்லரில் உள்ள திருகுகள்) டீரெய்லரின் மேல் உருளையைச் சிறிய பல்லுக்கு நேர் கீழே கொண்டுவாருங்கள். கையால் டீரெய்லரைத் தள்ளி, எல் திருகால் பெரிய பல்லைத் தாண்டி ஸ்போக்குக்குள் போகாதபடி நிறுத்துங்கள். ஷிஃப்டரைச் சிறிய பல் நிலையில் வைத்து, கேபிளைக் கையால் இழுத்துப் பிடித்து இறுக்குங்கள். ஒரு கிளிக் போடுங்கள்; செயின் ஏறத் தயங்கினால் கேபிள் முனைச் சுற்றியை (கேபிளின் இறுக்கத்தை மாற்றும் திருகு) இடப்பக்கம் கால் சுற்று, ஏறிய பின் அடுத்த பல்லில் உரசினால் வலப்பக்கம் கால் சுற்று. கடைசியில் பி திருகு: பெரிய பல்லில் இருக்கும்போது உருளைக்கும் பல்லுக்கும் சுமார் 6 மி.மீ. இடைவெளி. 12 வேக டீரெய்லர்களில் இந்த இடைவெளிக்குத் தனி அளவு உண்டு, அதன் குறிப்பைப் பாருங்கள்.

ஊட்டி ஈரத்தில் கேபிள் அவுட்டருக்குள் (மேல் உறைக்குள்) துரு பிடித்திருந்தால் இத்தனை வேலையும் வீண். கிளிக் போட்டால் உடனே ஏறி, திரும்பி இறங்கும்போது மட்டும் சோம்பினால் அவுட்டரோடு கேபிளை மாற்றுங்கள்.

பழைய 3×8 வண்டிக்கு ஷிமானோ க்யூஸ் கேசட் மட்டும் வாங்கிப் போடலாமா?
– வாசகர், மதுரை

ஹப்பில் ஏறும், ஆனால் கியர் சேராது. 2023-இல் வந்த க்யூஸ் கியர் வரிசையில் இருப்பது லிங்க்கிளைடு என்ற புதுப் பல் அமைப்பு. பல் தடிப்பு, தேய்மானம் மெதுவாக இருக்கும் என்பது அதன் நோக்கம். 9, 10, 11 வேகங்கள் தங்களுக்குள் ஒரே இழுப்பு விகிதத்தைப் பகிர்ந்துகொள்கின்றன, பழைய டீரெய்லர்களோடு பகிர்வதில்லை. ஷிஃப்டர், டீரெய்லர், கேசட், செயின் நான்கையும் சேர்த்து எடுப்பதாக இருந்தால் வாங்குங்கள்.

18 கியர் வண்டியைவிட 21 கியர் வண்டி வேகமாகப் போகுமா?
– வாசகர், விழுப்புரம்

இரண்டிலும் முன்னால் பெரியது 42, பின்னால் சிறியது 14 என்றால் வேகம் ஒன்றுதான்.